பசிக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு

(வடசென்னை குடியிருப்போர் நலச்சங்கங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம். பசியைப் பற்றி மேடையேறினால் வள்ளலாரில் தொடங்குவது நம் வழக்கம். 1867-ல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. பெருமை போதும், நம் சங்கங்கள் பசித்தவருக்குச் சோறு சேர்க்கும் வேலைக்கு வருவோம்.

இந்த ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். 2013-லிருந்து அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. பள்ளியில் மதிய உணவு, இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவே பட்டினி எங்கே ஒளிந்திருக்கிறது? சில மாதங்களில், சில கதவுகளுக்குப் பின்னால்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு வரும். ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா என்று அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் பலர். அதே மே மாதத்தில் பள்ளிக்கூடமும் லீவு, சத்துணவும் இல்லை. சம்பாத்தியம் நின்ற வீட்டில் பிள்ளைகளின் தட்டும் ஒன்றிரண்டு கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொத்தனார், பெயின்டர், தள்ளுவண்டிக்காரர் வீடுகளுக்கு இதே கதி. உங்கள் பகுதியின் பஞ்சாங்கத்தை முதலில் எழுதுங்கள். எந்த மாதம் எந்தத் தெருவில் அடுப்பு எரியவில்லை என்று. அதற்குப் பிறகுதான் அண்டா வாங்குவது.

அடுத்தது ரேஷன் கார்டு. சோறு போடுவதைவிட இது ஈர்ப்பில்லாத வேலை, ஆனால் பலன் அதிகம். தனியாக வாழும் பாட்டிக்கு ஏன் அரிசி வரவில்லை என்று பார்த்தால், பெயர் இன்னும் மகன் கார்டிலேயே இருக்கும். அங்கே நீக்கினால்தான் இங்கே புதுக் கார்டு. கைரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்கவில்லை, கடைக்கு நடக்கவும் முடியவில்லை என்றால், வேறொருவர் வாங்கித் தர அங்கீகாரச் சான்றுக்கு ரேஷன் கடையிலேயே படிவம் கேட்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் பழைய கடைக்கே பஸ் ஏற வேண்டியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து எந்தக் கடையிலும் வாங்கலாம். வடமாநிலத் தொழிலாளிக்கும் சொந்த ஊர்க் கார்டில் ஆதார் இணைந்திருந்தால் இங்கே தானியம் உண்டு. ஆனால் தானியம் மட்டும்தான். பருப்பும் எண்ணெயும் நம் மாநிலக் கார்டுக்கே.

இனி கல்யாண மண்டபத்து மிச்சச் சாப்பாடு. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், மிகவும் தப்பாகப் போவதும் இதுதான். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலி, புரட்டாசியிலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆகவே மிச்சச் சோற்றை நம்பி யாருக்கும் தினசரி வாக்குக் கொடுக்காதீர்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தம் தடைக்காலத்தோடு ஒத்து வருவதால், அந்த இரண்டு மாதம் ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டபங்களோடு பேசி வைத்தால் நிஜமாகவே உதவும். பேச வேண்டியது பெண் வீட்டாரிடம் அல்ல, சமையல் மாஸ்டரிடம்; அதுவும் முந்தின நாளே. பந்திக்குப் போகாத, கரண்டி படாத பாத்திரத்தைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆபத்து சோற்றில்தான். வேகவைத்தாலும் சாகாத ஒரு கிருமியின் வித்து அரிசியில் இருக்கிறது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்து நஞ்சு கக்கும். பிறகு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மூடிபோட்ட பெரிய அண்டாவின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும், மோசம் நடப்பது அங்கேதான். முகர்ந்து பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்பது பரிசோதனை ஆகாது. 60 டிகிரிக்கு மேல் சூடாக வையுங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், மாஸ்டர் சிரித்தால் சிரிக்கட்டும். சூடு தணிந்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போக வேண்டும், நான்கு மணி தாண்டினால் குப்பைக்கு. சாம்பார், ரசத்தைத் தளதளவெனக் கொதிக்கவிட்டே பரிமாறுங்கள். தேங்காய் சட்னி, தேங்காய்ப்பால் பாயசம், தேங்காய் அரைத்த கூட்டு மூன்றையும் வாங்காதீர்கள், எவ்வளவு வற்புறுத்தினாலும். உபரி உணவு வினியோகத்துக்கு 2019-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறை வந்துவிட்டது. அதன்படி சங்கத்தைப் பதிவு செய்யாமல் இறங்க வேண்டாம்.

சொந்தமாகச் சமைப்பதானால் சாம்பார் சாதமே போதும். நூறு பேருக்கு அரிசி எட்டு கிலோ, துவரம் பருப்பு மூன்று கிலோ, காய் ஆறு கிலோ, புளி முக்கால் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர். பருப்பைக் குறைத்துக் கணக்கை நேராக்கும் ஆசை வரும், குறைக்காதீர்கள். ரேஷன் அரிசி பல வீட்டிலும் இருக்கிறது, இவர்களுக்குப் போதாதது அந்தப் பருப்பும் காயும்தான். கழுவ, வேக, பாத்திரம் தேய்க்க எல்லாம் சேர்த்து நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். பல சங்கங்கள் அரிசிக்கு நன்கொடை வாங்கிவிட்டுத் தண்ணீரில் மாட்டிக்கொள்கின்றன. பக்கத்திலேயே அம்மா உணவகம் இருந்தால் புது அடுப்பே வேண்டாம். அங்கே பார்சல் கிடையாது, நேரில் போய்த்தான் சாப்பிட வேண்டும். அப்படியானால் உங்கள் அடுப்பு படுக்கையில் கிடப்பவருக்கு மட்டும், பத்துத் தூக்குவாளி அளவுக்கு.

மழைக்கால ஏற்பாடு செப்டம்பரில் முடிய வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தளச் சமையலறைகள்தான் முதலில் மூழ்கின. அரிசி, பருப்பு, அடுப்பு, சிலிண்டர் மாடியில் இருக்கட்டும். வெள்ள நாளில் பொட்டலத்துக்குப் புளியோதரையே கட்டுங்கள். புளியும் எண்ணெயும் சேர்வதால் கொஞ்சம் தாங்கும். காய் போட்ட சாம்பார் சாதம் படகில் போய்ச் சேருவதற்குள் ஊசிவிடும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சமைத்த நேரத்தை ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். மாடி அறைச் சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவராவது அதே கட்டடத்தில் குடியிருப்பவராக.