28 பாகை வெயிலில் பனிக்கட்டி

வணக்கம், நேயர்களே. ஊசி போடுமுன் தாதி கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்குமே, அந்தச் சில்லிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

இரத்மலானையில் நான் விமானம் செலுத்தப் பழகிய காலத்தில், இறக்கையில் பனி பிடிப்பது பற்றிய பாடத்தைப் பரீட்சைக்காகத்தான் மனப்பாடம் செய்தோம். கொழும்பு வியர்வையில் உட்கார்ந்து பனியைப் படிப்பது எங்களுக்கு வேடிக்கை. அந்த வேடிக்கையில் நியாயமும் உண்டு. நம் வானில் நீர் உறையும் குளிரைத் தொட ஏறத்தாழ 16,000 அடி போக வேண்டும். இலங்கையின் மிக உயரமான பீதுருதாலகால மலையைப்போல் இரு மடங்கு. எங்கள் இரு இருக்கை விமானம் அங்கே ஏறவே ஏறாது.

பனி இறக்கையில்தான் பிடிக்க வேண்டுமா என்ன?

ஒரு நாள், மழை விட்ட கையோடு, கல்கிசைக் கடலின் மேலாக இறங்கிக்கொண்டிருந்தோம். வெளியே 28 பாகை. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் குறைத்து வைத்திருந்தேன். எஞ்சின் சுற்று மெல்லச் சரிந்தது. என் கைதான் நழுவியது என்று நினைத்துக் கொஞ்சம் கூட்டினேன். மறுபடி சரிந்தது, மறுபடி கூட்டினேன். பக்கத்திலிருந்த சிங்கள ஆசிரியர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் உதறத் தொடங்கியபோது, "மல்லி (தம்பி), அதை இழு" என்று, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் குமிழைக் காட்டினார். இழுத்தேன். எஞ்சின் இன்னும் மோசமாக இருமியது! பதறிப்போய்க் குமிழைத் திரும்பத் தள்ளப் போனேன். புறங்கையில் பட்டென்று ஓர் அடி. "பொறு."

அந்த இருமல், உருகிய பனி நீராகி எஞ்சினுக்குள் போனதால் வந்தது. சில நொடிகளில் சுற்று தானாக ஏறியது.

இப்போது ஸ்பிரிட்டுக்கு வருவோம். கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் பெற்றோல் ஆவியாகும்போது அதே சில்லிப்புத்தான். அங்கே வெப்பம் வெளியே இருப்பதைவிட 30 பாகை அளவுக்குக்கூடக் குறையலாம். மீதியை நம் ஈரக்காற்று பார்த்துக்கொள்ளும்: அதன் ஈரம் அங்கேயே பனியாக உறைந்து கழுத்தை அடைக்கும். சுற்று சரிந்தால் கூட்டாதீர்கள், சூடு கொடுங்கள் என்று என் மாணவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இன்னொரு தொல்லை: தரையிறங்கிக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சாட்சி உருகிப் போயிருக்கும்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். பனியில் பறப்பது பற்றிய சட்டத்தை விரிவாகப் பேசத்தான் வந்தேன்; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனியில் பறக்கச் சான்று பெறாத விமானம், பனி பிடிக்கும் என்று தெரிந்த மேகத்துக்குள் நுழையக் கூடாது. குளிர் நாடுகளில், இரவு வெளியே நின்ற விமானத்தின் இறக்கையில் மணல் தூவியதுபோல் உறைபனி படிந்திருந்தாலும் அதை நீக்காமல் கிளம்பக் கூடாது. கார்புரேட்டரே இல்லாத எஞ்சின்களில் காற்று வடிகட்டி பனியால் அடைபடலாம்; அதற்கு மாற்றுக் காற்றுக் கதவு ஒன்று உண்டு. அந்தக் கதவுக்கும் ஒரு கதை... சரி, சரி, சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.