தோற்ற கட்சிக்குத் தெருவில் நின்றவர்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிகிற இந்தச் சுவரில் என் தாய்மாமா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தி.மு.க. விளம்பரம் எழுதினார். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் பெயரை எழுதிச் சுவரைப் பிடித்து வைத்துவிடுவார். சுவரொட்டிக்கு மைதா மாவில் பசை காய்ச்சும்போது, மாடு தின்றுவிடக் கூடாது என்று மயில்துத்தம் கலப்பார். ஜெயிக்க வழியில்லாத தேர்தல்களில்தான் அவர் அதிகம் அலைந்தார். அது ஏன் என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நெருக்கடி நிலை நடப்பில் இருந்த 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது; தொண்டர்கள் பலர், விசாரணையின்றி அடைத்துவைக்கும் மிசா சட்டத்தில் சிறைக்குப் போனார்கள். கைதானவர்களின் பெயர்களை வெளியிடப் பத்திரிகைத் தணிக்கை இடம் தராததால், அண்ணாவின் நினைவு நாளான அந்தப் பிப்ரவரி 3 அன்று, அவர் நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று கட்சி நாளேடான முரசொலி ஒரு பட்டியல் வெளியிட்டது. எந்த ஊர்க்காரர் உள்ளே இருக்கிறார் என்பது அதைப் படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் 1977இல் 48 இடங்கள், 1980இல் 37, 1984இல் 24 எனத் தேர்தலுக்குத் தேர்தல் இறங்குமுகமாகவே இருந்தது. ஒப்பந்தத்துக்கும் சிபாரிசுக்கும் வந்தவர்கள் முதல் தோல்வியிலேயே கரைவேட்டியை மாற்றிக்கொண்டார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் இந்தக் கேள்வி அவர்களைப் பற்றியதல்ல.

1991 ஜூன் தேர்தல்தான் மிகவும் கொடியது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட கோபத்தில் பல ஊர்களில் தி.மு.க. கொடிக்கம்பங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. கரைவேட்டி கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதற்கே துணிவு வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் மாமா வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தார். 234 தொகுதிகளில் கட்சி வென்றவை இரண்டு மட்டுமே.

சட்டமன்றத்திலிருந்து பார்த்தால் அது துடைத்தெறியப்பட்ட கட்சி. ஆனால் அதே தேர்தலில் நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உதயசூரியனுக்கு வாக்களித்திருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தலைவர்களுக்கு அது ஒரு விழுக்காடு. தெருத்தெருவாகப் போன தொண்டருக்கோ, அது தான் கேட்டதற்காகப் போட்ட தையல்காரர், ஊர் முழுவதும் மாறியபோதும் மாறாத ஓர் ஆத்தா, கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத் தலையாட்டிய ஒரு வாத்தியார். தான் நின்றுவிட்டால் இவர்களைத் தேடி யார் வருவார்கள் என்ற எண்ணம்தான், கொள்கைக்கும் தலைவர் மீதான பாசத்துக்கும் அடியில் கிடந்து அவரை நடக்க வைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1996இல் அ.தி.மு.க. நான்கே இடங்களுக்குச் சுருங்கியபோது, எதிர்த்தெருவில் இரட்டை இலைக்காக அலைந்தவரும் இப்படித்தான் நின்றார். மாமாவுக்கு அவர் மீது கடைசிவரை மரியாதை இருந்தது.

இதோ, என் கையில் இருப்பது மாமாவின் 1991 வாக்காளர் பட்டியல். அத்தை பெட்டியில் வைத்திருந்தார். நமக்குப் போடுவார் என்று தெரிந்தவர்களின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அவற்றில் சில பெயர்களுக்குப் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், ஒரு தேதியும் இருக்கிறது. அது என்ன தேதி என்று அத்தையிடம் கேட்டேன். அவர்கள் இறந்தபோது மாமா மாலை வாங்கிக்கொண்டு துக்கத்துக்குப் போய்வந்த நாள் என்றார்.