காசு குடுத்து வாங்கின டீவிடிய வகுப்புக்கே கொப்பி அடிக்கலாமா?

[திரையில்: மேசையில ஒரு டீவிடி, பக்கத்துல பென் டிரைவ்]

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்புல ஒரு கொலேஜ்ட வீடியோ ரூம்ல வேலை செய்யிறன், வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து, சேர் இந்த டீவிடிய கொப்பி பண்ணித் தாங்க, வகுப்புல 40 பேருக்கும் குடுக்கணும் எண்டு கேப்பாங்க, ஏன் எதுக்கு எண்டு நான் திருப்பிக் கேட்டா உடனே முகம் வாடிடும். காசு குடுத்து வாங்கினது தானே சேர் எண்டுவாங்க.

வாங்கினது தட்டை மட்டும்தான். அதுல இருக்கிற படத்தை இன்னொரு பிரதி எடுக்கிற உரிமை வித்த கடைக்காரர்ட்டயே இல்ல, பிறகு எப்பிடி உங்களுக்கு வரும்?

எங்கட நாட்டுல இதைச் சொல்றது 2003ம் ஆண்டின் 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமைக்கு எங்கயும் போய்ப் பதியத் தேவையில்ல, படைச்ச உடனேயே உரிமை வந்துடும், அதனால கவர்ல ஒண்டும் போடல்லயே எண்டு சொல்லித் தப்ப ஏலாது. வீடியோ மாதிரியான படைப்புக்கு அது 70 வருஷம் நிக்கும்.

[திரையில்: 11ம் பிரிவு]

இனித்தான் முக்கியமான இடம். 11ம் பிரிவு நியாயமான பயன்பாட்டைப் பற்றிச் சொல்லுது, விமர்சனம், செய்தி, ஆராய்ச்சி, கற்பித்தல் எல்லாம் அதுல வருது, வகுப்புக்காகப் பல பிரதி எடுக்கிறதும் வருது. நிறைய டீச்சர்மார் இந்த வரியோட நிப்பாட்டிடுவாங்க. ஆனா கீழ வாசிச்சுப் பாருங்க, லாபத்துக்கா படிப்பிக்கவா, அது என்ன மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுத்தீங்க, அதால அதுட விற்பனை பாதிக்குமா, இந்த நாலையும் சேர்த்துத்தான் நியாயமா இல்லையா எண்டு பாக்கணும். ரெண்டு மணித்தியால ஆவணப்படத்துல பாடத்துக்குத் தேவையான மூண்டு நிமிஷத்தை வெட்டி, யார் எடுத்தது எண்டு பேரும் போட்டு வகுப்புல காட்டினா உங்கட பக்கம் நியாயம் இருக்கு. அதே படத்தை முழுசா 40 பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்தா 40 பேர் வாங்க வேண்டியதை நீங்க வாங்க விடாம செய்தது மாதிரி, படிப்புக்குத்தான் எண்டு சொன்னாலும் அது நிக்கிறது கஷ்டம்.

லெக்சரும் அப்பிடித்தான். வாயால பேசின விரிவுரையும் சட்டத்துல ஒரு படைப்புத்தான், போன்ல எடுத்து வட்ஸ்அப் குரூப்ல போட முதல் விரிவுரை செய்தவர்ட்டக் கேக்கணும். கொலேஜ்ல வேலை செய்யிறவர் வேலைக்காகச் செய்த படைப்பு எண்டா, வேற ஒப்பந்தம் இல்லாட்டி பொருளாதார உரிமை நிறுவனத்துக்குப் போகும். வெளியில இருந்து வாறவர் எண்டா ரெக்கோர்ட் பட்டனை அமத்த முதலே எழுத்துல சம்மதம் வாங்குங்க.

எனக்கு மனசு நோகிறது பழைய கசட்டுகளைப் பாக்கத்தான், பூஞ்சணம் பிடிச்சு ஒவ்வொண்டா அழியுது. லாப நோக்கம் இல்லாத நூலகம் பாதுகாக்கிறதுக்காக ஒரேயொரு பிரதி எடுக்கச் சட்டத்துல இடம் இருக்கு, ஆனா அந்தப் பிரிவு போட்டோகொப்பி மாதிரிப் பிரதிய நினைச்சு எழுதினது, வீடியோவுக்கு அதை மட்டும் நம்பி இறங்க வேணாம். கொலேஜே எடுத்த நாடகம், விழா எண்டா உரிமை கொலேஜுக்குத்தான் எண்டு காட்டுற கடதாசியத் தேடிப் பிடிச்சு இப்பவே டிஜிட்டலுக்கு மாத்துங்க, தள்ளிப் போடாதீங்க.

பதிப்புரிமைய வேணுமெண்டே மீறினா முதல் தரமே 5 லட்சம் ரூபா வரை தண்டம், இல்லாட்டி 6 மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

[திரையில்: ஒரு ஈமெயில்]

ஆனா அனுமதி கேக்கிறது பெரிய வேலை இல்ல. எந்த வீடியோ, எத்தினை நிமிஷம், எத்தினை பிரதி, எந்த வகுப்பு, எப்ப வரைக்கும், இதை எழுதி உரிமைக்காரருக்கு ஒரு ஈமெயில் போடுங்க. சம்மதம் எண்டு பதில் வந்தா பிரின்ட் எடுத்து அந்த டிஸ்க் உறைக்குள்ளயே வச்சுட்டு என்ட ரூமுக்கு வாங்க, அண்டைக்கே கொப்பி பண்ணித் தாறன்.