பெயர் சூட்டிய முப்பது இரவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் நடத்த வேண்டும் என்றால் இன்று பலரும் தலையாட்டுகிறார்கள். சரி, யார் நடத்துவது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

ஹவாய் தீவுகளைப் பாருங்கள். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் போட்டார்கள். அரசுப் பள்ளியில் ஹவாய் மொழியை மறுபடி பயிற்றுமொழியாக்கச் சட்டம் அனுமதிக்க 1986 ஆனது. அதற்கு 2 ஆண்டுகள் முன்பே பெற்றோர்கள் பொறுமையிழந்து, 'பூனானா லெயோ' என்ற மழலையர் பள்ளியைத் தாங்களே திறந்துவிட்டார்கள். குரலின் கூடு என்று பொருள். அங்கே படிக்கக் கொடுக்கப் புத்தகம் இல்லை. ஆங்கிலப் படக்கதைகளை வாங்கி, ஹவாய் மொழியில் எழுதிய காகிதத் துண்டுகளை வரிகளின் மேல் ஒட்டினார்கள். பிள்ளைகள் புரட்டியது பசை தடவிய அந்தப் பக்கங்களைத்தான்.

புத்தகத்தை ஒட்டிச் சமாளிக்கலாம். ஆசிரியரை அப்படி உருவாக்க முடியாது. வீட்டில் சரளமாகப் பேசுகிறவர்கூட, பின்னம், ஒளிச்சேர்க்கை என்று வந்தால் சொல் கிடைக்காமல் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். பிள்ளை அதைச் சட்டென்று கவனித்துவிடும். பாட்டியிடம் பேச ஒரு மொழி, கணக்குக்கு வேறு மொழி என்று மனதில் பதிந்துவிடும். அதனால்தான் ஹிலோ நகரில் உள்ள ஹவாய் பல்கலைக்கழகம் 'கஹுவாவையோலா' என்ற ஆசிரியர் பயிற்சியையே ஹவாய் மொழியில் நடத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

பண்பாடு என்றாலும் இதே சிக்கல்தான். ஹவாய் மக்கள் மாதத்தின் 30 இரவுகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் மெல்லிய பிறைக்கு ஹிலோ, நிலவே தெரியாத கடைசி இரவுக்கு முக்கு. எந்த இரவை ஒட்டிக் கிழங்கு நடுவது, எப்போது மீன் பிடிக்கப் போவது என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு சேர்ந்தே வரும். பயிற்சி இல்லாத ஆசிரியர் இதை ஆண்டுவிழாப் பாட்டாக்கிவிட்டு, மறுநாள் அறிவியல் புத்தகத்தைத் திறப்பார். பயிற்சி பெற்றவரோ, இரவு வெளியே வந்து பார்த்து வரைந்து வா என்பார். அப்புறம் பிறையும் கடல் ஏற்றமும் ஒரே பாடமாகிவிடும்.

இதையெல்லாம் அந்த ஆசிரியருக்கு யார் சொல்லித்தருவது? பட்டம் வாங்காத மூத்தவர்கள்தான். விழாவுக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பயிற்சிக் கல்லூரியில் அவர்களுக்கும் கால அட்டவணையில் ஒரு பாடவேளை வேண்டும், மற்ற விரிவுரையாளர்கள் வாங்கும் அதே சம்பளத்தோடு.

நன்றி, வணக்கம்.