உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

(பட்டிமன்றத் தலைப்பு: உணவியல் ஆய்வுகளை நோயாளியின் தட்டு வரை கொண்டுவந்து சேர்ப்பது ஆய்வறிவே! அடுப்படி அறிவே! ‘அடுப்படி அறிவே’ அணியில், அரசு மருத்துவமனை உணவியல் நிபுணர் ஒருவர் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணித் தோழர்களுக்கும், மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கையோட தூங்காம உக்காந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். பந்தியில பாயசம் ரெண்டு தடவை வாங்கினவங்க யார் யாருன்னு பார்த்து வச்சிருக்கேன். அத்தனை பேரும் டயட்டீஷியன். பேர் சொல்லமாட்டேன்.

நேரா சண்டைக்கு வர்றேன். எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி, ஆராய்ச்சி மாணவர், ஒரு குத்து குத்திட்டுப் போய் உக்காந்தார். “அடுப்படி அறிவே போதும்னா ஆஸ்பத்திரிக்கு டயட்டீஷியன் எதுக்கு? ஒரு மாமியாரை வேலைக்குப் போட்டுடலாமே”ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. மூணாவது வரிசையில ஒரு மருமக எழுந்து நின்னே தட்டுச்சு. பக்கத்துல உக்காந்திருந்தது யாருன்னு திரும்பிப் பார்த்ததும் அது உக்காந்துடுச்சு.

தம்பி, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. அதான் மாமியாரை இவ்வளவு லேசா நினைக்கிறீங்க. ஒரு ஆய்வு தொடங்கணும்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணுமா இல்லையா? வேணும். எங்க ஊர்ல குழம்புல ஒரு சிட்டிகை உப்பு குறையணும்னா மாமியார் அனுமதி வேணும். நெறிமுறைக் குழுவாவது காரணத்தை எழுத்துல கொடுக்கும். இங்க ஒரு பார்வைதான். மேல்முறையீடு கிடையாது.

தம்பி குன்னூரை இழுத்தார். 1918-ல மெக்காரிசன்ங்கிற பிரிட்டிஷ் மருத்துவர் அங்க பாஸ்டர் நிறுவனத்துல ஒரு சின்ன இடத்துல தொடங்கின பெரிபெரி ஆய்வுதான், அதாவது வைட்டமின் பி1 குறைவால வர்ற நோயைப் பத்தின ஆய்வுதான், வளர்ந்து இன்னிக்கு ஹைதராபாத்ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குதுன்னு சொன்னார். பெருமைதான், நானும் கை தட்டினேன். மெக்காரிசன் என்ன பண்ணினார்? இந்தியாவுல ஒவ்வொரு பகுதிக்காரங்க சாப்பிடற சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். எலி என்ன பண்ணுச்சு? போட்டதைத் தின்னுச்சு. “எங்க வீட்டுல இப்படி வைக்கிற பழக்கம் இல்லை”ன்னு ஒரு எலியாவது சொல்லுச்சா? சொல்லாது. ஏன்னா அந்த எலிக்கு மாமியார் இல்லை, நடுவர் அவர்களே!

சரி, எலி வேண்டாம். மனுஷனுக்கு வருவோம். 2001-ல வெளிவந்த டேஷ் சோடியம் ஆய்வு, உப்பையும் ரத்த அழுத்தத்தையும் பத்தினது. நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். அமெரிக்காவுல 412 பேர், மூணு உப்பு அளவு, ஒவ்வொண்ணும் 30 நாள். உப்பு இறங்க இறங்க ரத்த அழுத்தமும் இறங்குச்சு. தங்கமான ஆய்வு. ஆனா அந்த 412 பேருக்கும் சமைச்சது யாரு? ஆய்வுக்காரங்க. அளந்து போட்டு, சமைச்சு, கையில கொடுத்தாங்க. மூணு வேளையும் ஒருத்தர் சமைச்சுக் கையில கொடுத்தா நான்கூட இளைச்சிடுவேன்! அந்த ஆய்வே ஓர் அடுப்படியை நம்பித்தான் நடந்துச்சு.

இப்ப என்கிட்ட வர்ற ஒரு நோயாளித் தாத்தா கதைக்கு வாங்க.

ஓய்வு பெற்ற மனுஷர். பிபி. வீட்டுல அவரும் பாட்டியும் ரெண்டே பேர். “ஐயா, உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குக் கீழே உப்புன்னு சொல்லுது”ன்னேன். மனுஷர் என்னை நிதானமா பார்த்தார். “ஏம்மா, அஞ்சு கிராம்னு சொல்றியே, எங்க வீட்டுல தங்கமே அவ்வளவுதான் இருக்கு. அதை நிறுக்கிற தராசு நகைக்கடையிலதாம்மா கிடைக்கும்.”

இதுக்கு எந்த ஆய்விதழ்ல பதில் இருக்கு தம்பி? நான் தராசை விட்டேன், காலண்டரைப் பிடிச்சேன். ஆளுக்கு அஞ்சுன்னா ரெண்டு பேருக்குப் பத்து கிராம். ஒரு கிலோ பாக்கெட் நூறு நாள் வரணும். “ஐயா, இன்னிக்குப் பிரிக்கிற உப்பு பாக்கெட் மேல பேனாவால தேதி எழுதுங்க. காலியாகிற அன்னிக்கும் எழுதுங்க. அவ்வளவுதான் உங்க வேலை.” பாட்டி தலையாட்டினாங்க. கவனிங்க, தாத்தா ஆட்டலை.

அடுத்த மாசம் வந்தார். காலி பாக்கெட்டைக் கொண்டுவந்து மேசை மேல வச்சார். நூறு நாள் வர வேண்டிய பாக்கெட் முப்பது நாள்ல முடிஞ்சுபோச்சு! “ஐயா, உப்பைக் குறைச்சீங்களா?” “குழம்புல பாதிதாம்மா போடறா. வாயில வைக்க விளங்கலை.” “சரி, நேத்து என்ன சாப்பிட்டீங்க, காலையிலேருந்து சொல்லுங்க.” நேத்து சாப்பிட்டதை ஒண்ணு விடாம சொல்ல வைக்கிற நம்ம 24 மணி நேர ரீகால்! இட்லி சொன்னார், சோறு சொன்னார், ரசம் சொன்னார். “வேற?” “வேற ஒண்ணுமில்லை.” “ஊறுகாய்?” “அது தொட்டுக்கிறதும்மா.” “அப்பளம்?” “அது கடிச்சுக்கிறது.” “மோர் மிளகாய்?” “குழம்புல உப்பில்லைன்னா மனுஷன் என்னதாம்மா பண்ணுவான்?” பார்த்தீங்களா! குழம்புலேருந்து துரத்தின உப்பு, அப்பளம் வேஷம் போட்டுக்கிட்டு அதே தட்டுக்கு வந்துடுச்சு.

ஆனா அந்த அப்பளமும் ஊறுகாயும் கடையில வாங்கினது. அப்ப பாக்கெட் எப்படிக் காலியாச்சு? விசாரணைக் கமிஷன் வச்சேன். பாட்டியைத் தனியா கூப்பிட்டேன். “அம்மா, உண்மையைச் சொல்லுங்க.” பாட்டி முந்தானையைத் திருகினாங்க. மீன் கழுவக் கொஞ்சம், சரி. திராட்சை ஊற வைக்கக் கொஞ்சம், சரி. “அப்புறம்?” மெதுவா சொன்னாங்க: “நடுவுல ஒரு தடவை வந்தப்ப, பிபி கொஞ்சம் இறங்கியிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. ஊர்க் கண்ணெல்லாம் அவர் மேலதான். அதான் செவ்வாயும் வெள்ளியும் உப்பு சுத்திப் போட்டேன்.”

நடுவர் அவர்களே! உப்பைக் குறைச்சதால பிபி இறங்குச்சு. பிபி இறங்கினதால கண்ணு பட்டுச்சு. கண்ணு பட்டதால உப்பு செலவாச்சு! இதை எந்தப் புள்ளியியல் மென்பொருள்ல போடுவீங்க தம்பி? மீன் கழுவின உப்புக்கும் திருஷ்டி கழிச்ச உப்புக்கும் உங்க அட்டவணையில ஒரு கட்டம் இருக்கா?

கமிஷன் தீர்ப்பு என்னன்னா, ரெண்டு டப்பா. கழுவறதுக்கும் கண்ணுக்கும் கல் உப்பு, சமையலுக்குத் தேதி போட்ட பாக்கெட். குழம்புல உப்பு ஒரேயடியா பாதியாக வேண்டாம், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கட்டும். பக்கத்துல எலுமிச்சையும் மிளகும் பூண்டும் ஏறட்டும். அப்பளம் ஞாயித்துக்கிழமைக்கு மட்டும். தாத்தாவுக்கு பிபி இறங்குச்சு. மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செஞ்சது, அதை நான் மறைக்கமாட்டேன். ஆனா அந்த மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்ததும் பாட்டிதான்!

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வேகமா ரெண்டு விஷயம். சீனாவுல 600 கிராமங்கள்ல, 20,995 பேரை வச்சு ஒரு ஆய்வு. 2021-ல முடிவு வந்துச்சு. யாரையும் சமையலை மாத்தச் சொல்லலை. டப்பாவுல இருந்த உப்பை மட்டும் மாத்தினாங்க, முக்கால் பங்கு வழக்கமான உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சது. சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கு அந்த உப்பு ஆபத்துன்னு தம்பி கை தூக்குறார். சரிதான், ஒத்துக்கறேன், உக்காருங்க. அடுத்தது எண்ணெய். 2024-ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கொடுத்த மாதிரித் தட்டுல, ஒரு நாளைக்கு 2,000 கலோரிக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு. நோயாளி கேக்குறது “மாசம் எத்தனை பாக்கெட் வாங்கலாம்?” பெருக்கிப் பார்த்தா ஆளுக்கு ஒரு லிட்டருக்கும் கீழே. இந்தப் பெருக்கல் வழிகாட்டியில இல்லை தம்பி. மளிகைச் சீட்டு எழுதறவங்களுக்குத்தான் வரும்.

முதல் மணி அடிச்சாச்சு. இனி ஒண்ணே ஒண்ணு.

தாத்தா கதையில நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிக்க வச்சேன். ஆனா இத்தனை மாசமா அவர் கூட ரெண்டு பஸ் மாறி வந்த அந்தப் பாட்டியை ஒருநாள் உக்கார வச்சு, “அம்மா, நேத்து நீங்க என்ன சாப்பிட்டீங்க?”ன்னு கேட்டேன். அவங்களுக்குப் புரியலை. “அவரா?”ன்னாங்க. “இல்லம்மா, நீங்க.” யோசிச்சாங்க. காலையில காபி. பதினொரு மணிக்கு அவருக்கு வடிச்ச கஞ்சியில ஒரு டம்ளர். மத்தியானம், அவர் சாப்பிட்டு மிச்சம் இருந்தது. ராத்திரி பசிக்கலை. “அவரோட குழம்பையேவா சாப்பிடறீங்க?” “ஒருத்திக்காக யாரும்மா தனியா உலை வைப்பா?” கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்துச்சு.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019–21. நாட்டுல 57 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. இந்த எண்ணை நாம எத்தனை மேடையில சொல்லியிருப்போம்! ஆனா அது 15 வயசுலேருந்து 49 வயசு வரைக்குமான கணக்கு. பாட்டிக்கு அறுபது தாண்டியாச்சு. தம்பி, உங்க கணக்குலயும் அவங்க இல்லை, வீட்டுத் தட்டுலயும் அவங்க இல்லை. புருஷனோட உப்பை நூறு நாளைக்கு எண்ணத் தெரிஞ்ச மனுஷிக்கு, தன் பசியை ஒரு வேளைக்கு எண்ணத் தெரியலை.

என் பக்கம் வாதம் பலவீனமாகுதுன்னு என் அணித்தலைவரே முறைக்கிறார். ஆகட்டும்.

அன்னிக்கே அவங்க பேர்ல ஓபி சீட்டு போடச் சொல்லி அனுப்பினேன். கவுண்டர்ல, “இவங்க கூட வந்தவங்கதானே?”ன்னு கேட்டாங்க. நானே எழுந்து போய், நோயாளின்னு எழுதுங்கன்னேன். பக்கத்துல நின்ன தாத்தா, “இவளுக்கு என்னம்மா வந்துச்சு?”ன்னார். “கண்ணு பட்டிருக்கு ஐயா”ன்னேன். கீரை, முட்டை, எலுமிச்சைன்னு ஒரு சீட்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் காபி கூடாதுன்னு ஒரு கண்டிஷனும் எழுதி, அவர் கையிலயே கொடுத்தேன். அந்த வீட்டுல இனி தேதி எழுதற வேலை அவருக்கு.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. தீர்ப்பை எந்தப் பக்கம் வேணும்னாலும் சொல்லுங்க நடுவர் அவர்களே. வெள்ளிக்கிழமை பாட்டி ரத்தப் பரிசோதனை முடிவோட வர்றாங்க, எனக்கு அதுதான் கவலை. நன்றி, வணக்கம்.