ஜெப ஆலயத்தை நடத்துவது யார்?

[காட்சி: சனிக்கிழமை காலை, ஒரு ஜெப ஆலயத்தின் உள்ளே. பாதி இருக்கைகள் காலி.]

இது யூதர்களின் ஜெப ஆலயம். அவர்களுடைய மத அறிஞரான ரப்பி வந்துவிட்டார். பாடுபவர் வந்துவிட்டார். பெட்டகத்தில் யூத வேதமான தோராவின் சுருள் தயாராக இருக்கிறது. எல்லாரையும் சேர்த்து எண்ணினால் ஒன்பது பேர். முழுத் தொழுகை நடக்குமா? நடக்காது.

சரி, இப்போது ரப்பி ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். தொழுகை தாராளமாக நடக்கும், ஒரு குறையும் இருக்காது.

இந்தப் பத்துப் பேருக்கு மின்யான் என்று பெயர். 13 வயது நிறைந்த யூத ஆண்கள் பத்துப் பேர் என்பது பழைய கணக்கு. பழைமை மாறாத ஆர்த்தடாக்ஸ் பிரிவு இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறது. சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்மும், இரண்டுக்கும் நடுவே உள்ள கன்சர்வேட்டிவ் பிரிவில் பெரும்பாலான ஜெப ஆலயங்களும் பெண்களையும் சேர்த்தே எண்ணுகின்றன. மின்யான் இல்லாவிட்டால் தோராவைச் சபையில் வாசிக்க முடியாது. இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் ஜெபத்தையும் சொல்ல முடியாது. அம்மாவோ அப்பாவோ இறந்தால் 11 மாதம் தினமும் கதீஷ் சொல்வது வழக்கம். அதனால் துக்கத்தில் இருப்பவருக்கு ரப்பியைவிட அந்தப் பத்தாவது ஆள்தான் முக்கியம்.

இதை மனதில் வைத்துக்கொண்டால், ஜெப ஆலயத்தில் இருக்கிற மற்ற பதவிகள் எல்லாம் எளிதாகப் புரியும்.

[காட்சி: ஜெருசலேம் ஆலயத்தின் ஓவியம்]

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரப்பி பூசாரி இல்லை. யூதர்களுக்குப் பூசாரிகள் இருந்தார்கள். மோசேயின் அண்ணன் ஆரோனின் வம்சத்தில் வந்த அவர்களைக் கோஹன் என்பார்கள். ஜெருசலேம் ஆலயத்தில் பலி செலுத்துவது அவர்கள் வேலை. கி.பி. 70இல் ரோமானியர்கள் அந்த ஆலயத்தை இடித்தார்கள், பலியும் நின்றுபோனது. வம்சம் மட்டும் தொடர்கிறது. இன்று ஒரு கோஹன் வாரம் முழுக்கக் கணக்காளராக வேலை பார்க்கலாம். சனிக்கிழமை தோரா வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுவார், கைகளை உயர்த்திச் சபையை ஆசீர்வதிப்பார். அதோடு சரி.

ரப்பிக்கு வம்சம் வேண்டியதில்லை, படிப்பு வேண்டும். யூதச் சட்டத்தைப் பல வருடம் படித்து, தகுதி பெற்றவர் என்ற அங்கீகாரத்தை வாங்க வேண்டும். இது சாப்பிடலாமா, அது சனிக்கிழமை ஓய்வுநாளான சப்பாத் அன்று செய்யலாமா என்று கேட்டால் தீர்ப்புச் சொல்வது அவருடைய பழைய வேலை. பிரசங்கம், கல்யாணம், அடக்கம், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது எல்லாம் இன்றைய வேலை.

இதற்குச் சம்பளம் வாங்கலாமா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், தோராவைப் பிழைப்பாக்கக் கூடாது என்று கடுமையாக எழுதினார். அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவருடைய தம்பி டேவிட். வியாபாரத்துக்காக இந்தியா நோக்கிக் கப்பலில் போன தம்பி கடலில் மூழ்கி இறந்தார். அதன்பிறகு மைமோனிடிஸ் மருத்துவத்தைத் தொழிலாக எடுத்தார், அரசவை மருத்துவராகவும் ஆனார். பின்னால் வந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கற்பிப்பதற்குக் கூலி இல்லை, வேறு வேலைக்குப் போக முடியாமல் இழந்த நேரத்துக்கு ஈடு. இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. சட்டத்தையும் மீறவில்லை, ரப்பியும் பட்டினி கிடக்கவில்லை.

அமெரிக்காவில் ரப்பிக்குச் சம்பளம் கொடுப்பது அந்தந்த ஜெப ஆலயம். மேலிருந்து ஒரு பிஷப் அவரை அனுப்பிவைப்பதில்லை. உறுப்பினர்கள் ஒரு நிர்வாகக் குழுவையும் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு நேர்காணல் நடத்தி, ஒப்பந்தம் போட்டு ரப்பியை வேலைக்கு வைக்கிறது. வேண்டாம் என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது. மேடையில் நின்று சபையைக் கண்டிக்கிறவருக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான் முதலாளிகள்.

[காட்சி: பழைய இசைத்தட்டு சுழல்கிறது]

அடுத்தவர் ஹஸ்ஸான், அமெரிக்காவில் கேன்டர். தொழுகையைப் பாடி நடத்துபவர். அச்சுப் புத்தகம் வராத காலத்தில் பலருக்கு ஜெபங்கள் மனப்பாடம் இருக்காது. ஒருவர் எல்லாருக்காகவும் பாடுவார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். அதுவே போதுமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்கள் பெரிய நட்சத்திரங்களாக இருந்தார்கள். யோசலே ரோசன்பிளாட் என்ற கேன்டரை 1918இல் சிகாகோ ஆபரா என்ற இசை நாடகக் குழு கூப்பிட்டது, ஒரு நிகழ்ச்சிக்கு 1,000 டாலர். மதக் காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டார்.

ரப்பி, கேன்டர் இரண்டுமாக இருப்பவர்களும் உண்டு. ஏஞ்சலா புக்டால் 1972இல் சியோலில் பிறந்தவர். அம்மா கொரிய பௌத்தர், அப்பா அமெரிக்க யூதர். 1999இல் கேன்டர், 2001இல் ரப்பி. 2014 முதல் நியூயார்க்கின் சென்ட்ரல் சினகாக் என்ற ஜெப ஆலயத்தில் தலைமை ரப்பி. பெண்களுக்கு இந்த வழி திறக்க நெடுநாள் ஆனது. 1935இல் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் முதல் பெண் ரப்பியானார். 1944இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் ரப்பியானது 1972இல்தான்.

[காட்சி: தோரா சுருளின் மேல் நகரும் வெள்ளிச் சுட்டுகோல்]

இனி என் மனதுக்குப் பிடித்த ஆள், கப்பாய். வெளியாட்களுக்கு இவரைத் தெரியவே தெரியாது. பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. சப்பாத் காலையில் தோரா வாசிக்கும்போது ஏழு பேரை ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு அழைக்க வேண்டும். கோஹன் முதலில், லேவி குலத்தின் மற்றவர்களான லேவியர் அடுத்து. மற்ற இடங்கள் யாருக்கு? ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒருவருக்கு அப்பாவின் திதி, இன்னொருவருக்கு அடுத்த வாரம் கல்யாணம். யாரை விட்டாலும் மனத்தாங்கல். நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறைப் பார்த்தவர்களுக்குக் கப்பாயின் தலைவலி புரியும்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுருளில் உயிர்க் குறிகள் கிடையாது, நிறுத்தக் குறிகள் கிடையாது, ராகக் குறிகளும் கிடையாது. வாசிப்பவர் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பொருள் மாறும்படி தவறினால், பக்கத்தில் அச்சுப் புத்தகத்தோடு நிற்கும் கப்பாய் உடனே திருத்துவார். வாசிப்பவர் ரப்பியாக இருந்தாலும் திருத்துவார்.

ஷமாஷ் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் கால ஐரோப்பாவில் விடியற்காலையில் வீடு வீடாக ஜன்னலைத் தட்டித் தொழுகைக்கு எழுப்புவதும் அவர் வேலையாக இருந்தது. இன்று பெரிய இடங்களில் இதற்கெல்லாம் நிர்வாக இயக்குநர் இருக்கிறார். வரவு செலவு, சந்தா, ஒழுகும் கூரை எல்லாம் அவர் தலையில். சப்பாத் அன்று பணத்தைத் தொடக்கூடாது என்பதால், தொழுகை நடுவே தட்டு ஏந்தி வசூலிக்க முடியாது. வருடச் சந்தாவை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

இப்போது பாதுகாப்பும் சேர்ந்துவிட்டது. 2022 ஜனவரி 15 அன்று டெக்சாஸ் மாநிலம் கோலிவில்லில் ரப்பி சார்லி சைட்ரான்-வாக்கர், கதவைத் தட்டிய அந்நியருக்குத் தேநீர் கொடுத்தார். அந்த ஆள் துப்பாக்கியை எடுத்து நான்கு பேரைப் பிணையாக வைத்தார், நியூயார்க்கில் இருந்த புக்டாலுக்கும் போன் செய்தார். ஒருவர் முன்னதாக விடுவிக்கப்பட்டார். சுமார் 11 மணி நேரம் கழித்து ரப்பி ஒரு நாற்காலியை அந்த ஆள் மேல் வீசினார், மீதி மூவரும் கதவு வழியாக ஓடித் தப்பினார்கள். முன்பு எடுத்த பாதுகாப்புப் பயிற்சிதான் காப்பாற்றியது என்று அவர் பிறகு சொன்னார்.

[காட்சி: கொச்சி, மட்டாஞ்சேரி. பரதேசி ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டு]

ரப்பியே இல்லாமல் ஒரு சமூகம் எவ்வளவு காலம் ஓடும்? கொச்சியைப் பாருங்கள். பரதேசி, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின், ஜெப ஆலயம் கட்டப்பட்டது 1568இல். கொச்சி யூதர்களிடம் பட்டம் பெற்ற ரப்பிகளின் மரபு உருவாகவே இல்லை. விஷயம் தெரிந்த பெரியவர்கள் தொழுகையை நடத்தினார்கள். சமூகத்தின் தலைவருக்குக் கொச்சி ராஜா கொடுத்த பட்டம் முதலியார்.

சட்டச் சிக்கல் வந்தால் வெளிநாட்டுக்குக் கடிதம் போகும். 16ஆம் நூற்றாண்டில் அப்படி ஒரு கேள்வி கெய்ரோவில் இருந்த ரப்பி டேவிட் இப்ன் சிம்ராவிடம் போனது. கொச்சியில் ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினரோடு பெண் கொடுத்து எடுக்க மறுக்கிறார்கள், சரியா? முழுக்குச் சடங்கு செய்துவிட்டால் தடையில்லை என்று அவர் தீர்ப்பு எழுதினார். கொச்சியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பிரிவினை 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. பரதேசி ஜெப ஆலயத்தில் விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சத்தார் இருக்கையில் உட்கார முடியாது, தோராவுக்கு அழைக்கப்படவும் மாட்டார்கள். அந்த வம்சத்தில் பிறந்த வக்கீல் ஏ.பி. சேலம், காந்தியின் சத்தியாகிரக வழியில் ஜெப ஆலயத்துக்குள்ளேயே போராடினார். யூத காந்தி என்று அவருக்குப் பெயர். தடைகள் ஒவ்வொன்றாக விலகின. அவற்றை விதித்தவர்கள் ரப்பிகள் இல்லை. யாரை மேடைக்கு அழைப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்த பெரியவர்கள்தான்.

அடுத்த வீடியோவில் தோரா சுருளைக் கையால் எழுதும் சோஃபரைப் பார்ப்போம். கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள்.