நெருப்புக்குத் தப்பிய முகம்: ரெனே ஃபால்கொனெட்டி

(எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கு இடையே வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, அரங்கை வாடகை வாங்காமல் தந்த மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, தம் மாணவர்களையும் அழைத்து வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, கழகச் செயலாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்று கேட்கும் மாணவ மணிகளே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

மேடையில் இருக்கும் இன்னொருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊர்த் தியேட்டர்களில் வாழ்நாளெல்லாம் ஆபரேட்டராக இருந்த பெரியவருக்கு இன்று பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். கார்பன் குச்சி எரிந்த புரொஜக்டர் முன்னால் வேர்க்க விறுவிறுக்க நின்று நமக்குப் படம் காட்டிய கைகள் அவை. நாம் நடிகர்களுக்குக் கைதட்டினோம், ஆபரேட்டர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஐயா, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, பிரெஞ்சு நடிகை ரெனே ஃபால்கொனெட்டியின் வாழ்வும் கலையும். மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அவருடைய நாடக வாழ்க்கை. இரண்டு, அவருக்குப் பெயர் தந்த அந்த ஒரு படம், ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’. மூன்று, அர்ஜென்டினாவில் கழிந்த அவருடைய கடைசிக் காலம். என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், எந்த மேடையிலும் நான் விடாமல் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் போகிறேன்.

பாரிஸை ஒட்டிய பான்தேன் என்ற ஊரில் 1892 ஜூலை 21 அன்று பிறந்தவர் ஃபால்கொனெட்டி. மேடைதான் அவருக்கு எல்லாம். 1917-இல் மௌனப் படங்களில் தலைகாட்டினார். அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1924-இல் பிரான்ஸின் மிகப் பழைய நாடக நிறுவனமான கொமெதி ஃபிரான்சேஸில் சேர்ந்தார். பாரிஸ் ரசிகர்கள் அவரை நாகரிக உடையில், நகைச்சுவை ததும்பும் வேடங்களில் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் டென்மார்க்கிலிருந்து கார்ல் தியோடர் டிரையர் என்ற இயக்குநர் பாரிஸுக்கு வந்திருந்தார். ஜோன் ஆஃப் ஆர்க் என்ற இளம்பெண்ணை மதத் துரோகி என்று விசாரித்து, 1431-இல் ரூவான் நகரில் உயிரோடு எரித்தார்களே, அந்த விசாரணையைப் படமாக்க வேண்டும் என்பது அவர் திட்டம். விசாரணைக் குறிப்புகள் ஏட்டில் இருந்தன. எரித்த அதே திருச்சபை 1920-இல் ஜோனைப் புனிதர் என்று அறிவித்திருந்தது. கதாநாயகியைத் தேடி டிரையர் ஒரு நாடகத்துக்குப் போனார். மேடையில் ஃபால்கொனெட்டி, லேசான ஒரு நகைச்சுவை வேடத்தில். இவரிலா ஜோனைக் கண்டார் என்று யாரும் கேட்பார்கள். ஆனால் டிரையர் அவரைச் சந்தித்து, ஒப்பனை எதுவும் இல்லாமல் கேமரா முன்னால் உட்காரச் சொன்னார். பவுடரும் சாயமும் போன பிறகு தெரிந்த முகத்தில் தனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

1927-இல் படப்பிடிப்பு. அப்போது ஃபால்கொனெட்டிக்கு முப்பத்தைந்து வயது, ஜோனுக்குப் பத்தொன்பது. படத்தில் ஒரு இடம் வரும், தயவுசெய்து கவனியுங்கள். உன் வயது என்ன என்று நீதிபதிகள் கேட்கிறார்கள். ஜோன் விரல்விட்டு எண்ணுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண் அல்லவா? எண்ணி முடித்துப் பத்தொன்பது என்கிறாள், அதிலும் ஒரு சந்தேகத்தோடு. அடுத்து, பரமண்டல ஜெபத்தை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒரு கேள்வி. ‘என் அம்மா’ என்பது எழுத்தில்தான் வரும், இது மௌனப் படம். ஆனால் அந்த எழுத்து வருவதற்கு முன்பே நமக்குப் பதில் தெரிந்துவிடும். கண்ணின் ஓரத்தில் நீர் திரண்டு, கன்னத்தில் ஒரே கோடாக இறங்கும். இன்னொரு காட்சியில் ஒரு ஈ வந்து அந்த முகத்தில் உட்காரும். அவர் விசாரணையிலிருந்து மனம் கலையாமல் கையால் அதைத் தள்ளிவிடுவார். அதையும் டிரையர் வெட்டாமல் வைத்திருக்கிறார்.

கோட்டையும் நகரமுமாகப் பெரிய செட் ஒன்றைக் கான்கிரீட்டிலேயே கட்டியிருந்தார்கள். படத்தில் அது அரைகுறையாகத்தான் கண்ணில் படும், ஏனென்றால் கேமரா முகங்களை விட்டு நகராது. பணம் போட்டவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை, ஆனால் டிரையர் செய்ததுதான் சரி. கதை நடந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். முடிவில் ஜோனின் தலையை மழிக்கும் காட்சி. ஃபால்கொனெட்டியின் தலைமுடியை உண்மையாகவே வெட்டினார்கள். செட்டில் விளக்குப் பிடித்த தொழிலாளர்கள்கூட அழுதுவிட்டார்கள் என்று சொல்வார்கள். பார்க்கும் நமக்கே கண் கலங்குகிறது, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்க வேண்டுமா?

இனிமேல்தான் நான் சொல்ல வந்த கதை.

1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பிரான்சில் பேராயரும் தணிக்கை அதிகாரிகளும் கேட்டபடி பல இடங்களை வெட்டினார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்களைக் கொடியவர்களாகக் காட்டுகிறது என்று இங்கிலாந்தில் தடை செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் தீ விபத்து, மூல நெகட்டிவ் சாம்பல். டிரையர் என்ன செய்தார் தெரியுமா? ஒரே காட்சியை மறுபடி மறுபடி எடுத்ததில், படத்தில் சேர்க்காமல் கழித்துப் போட்ட டேக்குகளை எல்லாம் தேடி எடுத்தார். காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டு, அந்தக் கழிவுத் துண்டுகளைக் கொண்டே முழுப் படத்தையும் மறுபடி கோத்தார். நடித்தவர்களைத் திரும்ப அழைக்கவில்லை, ஒரு அடி ஃபிலிம்கூடப் புதிதாக எடுக்கவில்லை. மறு ஆண்டு இன்னொரு தீ. அந்த நெகட்டிவும் போயிற்று.

பிறகு அரையும் குறையுமான பிரதிகள்தான் உலகைச் சுற்றின. 1950-களில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, இசையெல்லாம் சேர்த்து வெளியிட்டார்கள். டிரையருக்கு அது பிடிக்கவில்லை. முதலில் தான் தொகுத்த படம் எரிந்தே போயிற்று என்ற நினைப்போடு 1968-இல் அவர் காலமானார்.

1981. நார்வே நாட்டில், ஓஸ்லோவுக்கு அருகே டிக்கெமார்க் என்ற மனநல மருத்துவமனை. அங்கே ஒரு ஊழியர் சாமான் அறையைச் சுத்தம் செய்கிறார். துடைப்பமும் வாளியும் கிடக்கிற இடம். உள்ளே சில படப்பெட்டிகள், மேலே ஜோன் படத்தின் பெயர். அவருக்கு அது என்ன என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பழைய தகரம் என்று குப்பையில் போட்டிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். போடவில்லை. பெட்டிகள் நார்வே திரைப்பட நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கேயும் சுமார் மூன்று ஆண்டுகள் பிரிக்கப்படாமல் கிடந்தன! பிரித்துப் பார்த்தால், டிரையர் முதன்முதலில் தொகுத்த படம், பேராயரும் தணிக்கையும் கை வைப்பதற்கு முந்தைய வடிவம். டென்மார்க் தணிக்கைச் சீட்டும் கூடவே இருந்தது. இரண்டு தீயிலும் அழிந்தது என்று உலகமே கைகழுவிய படம், துடைப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

இன்று நாம் பார்க்கப் போவது அந்தப் பெட்டியிலிருந்து வந்த படம். ஃபால்கொனெட்டி அதை அறியவில்லை. பாரிஸில் ஒரு நாடக அரங்கை எடுத்து நடத்திப் பணத்தை இழந்து, போர்க்காலத்தில் ஐரோப்பாவை விட்டுப் போய், 1946 டிசம்பர் 12 அன்று புவெனஸ் ஐரிஸில் காலமானார். மேடையில் அவர் நடித்த வேடங்கள் அன்றன்றைக்கு முடிந்து போயின. அவரை நாம் முழுமையாக அறிவது அந்தப் பெட்டிகளால்தான்.

அம்மையார் அவர்களே, இதை உங்களிடமும் முறையிட வேண்டியிருக்கிறது. நமக்கும் ஒரு டிக்கெமார்க் கிடைத்திருக்கக் கூடாதா? நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம், இன்று இல்லை. 1931-இல் வந்த ‘காளிதாஸ்’, தமிழ் பேசிய முதல் முழுநீளப் படம், அதற்கும் பிரதி இல்லை. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936-இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே இயக்கினார். பெண் ஒருவர் படம் இயக்குவது நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது. அந்தப் படமும் போயிற்று. ஃபால்கொனெட்டியின் கண்ணீரை நாம் பார்க்கலாம், ராஜலட்சுமி எடுத்த படத்தை நம் பேரப்பிள்ளைகள் எதில் பார்ப்பார்கள்? விழா எடுக்கிறோம், மாலை போடுகிறோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

எல்லாம் தீயில் போகவில்லை என்பதுதான் வேதனை. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் தண்ணீருக்குள்ளும் எரியும் என்பது உண்மை. ஆனால் ஓடி முடிந்த படத்தை, அதில் இருக்கும் வெள்ளிக்காக எடை போட்டு விற்றது நாம். 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதும், பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து கிடைத்ததைச் சேர்த்தார். ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படம் நம்மிடம் இருப்பது, அதன் மூல நாவலின் உரிமைத் தகராறில் ஒரு புத்தக வெளியீட்டாளரிடம் பிரதி மாட்டிக்கொண்டதால். ஒரு வழக்கு செய்த காவலை நாம் செய்யவில்லை.

அம்மையார் அவர்களிடம் என் விண்ணப்பம் இதுதான்: நகராட்சிக் கட்டடம் ஒன்றில் ஈரம் இல்லாத, வெயில் படாத ஒரே ஒரு அறை, குளிர்சாதன வசதியோடு. புனேவுக்கு அனுப்பும் வரை கிடைக்கும் பெட்டிகள் அங்கே பத்திரமாக இருக்கட்டும். மாணவ மணிகளே, மூடிக்கிடக்கும் தியேட்டர்களுக்கு நீங்கள் போக வேண்டும். விநியோகஸ்தர் வீட்டுப் பரண், ஸ்டுடியோ வைத்திருந்தவர் வீட்டுப் பின்கட்டு, எதையும் விடாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியாக வையுங்கள். மிகப் பழைய ரீல் என்றால் பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது. ரீலை நீங்களாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். நம் ஆபரேட்டர் ஐயா கூட வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர் தர விரும்புகிறவர்களுக்காக வாசல் மேசையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். படம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.